பாவு சேருமா, மிஸ்?

பூமி ஒரு சுத்து சுத்த இருபத்து நாலு மணி நேரம் ஆகும். அதை குரூப் ஃபோர் பரீட்சைக்குச் சொல்லித் தர்றவங்களுக்குத் தலை சுத்த அஞ்சு நிமிஷம் போதும்.

நீங்களும் எங்கயாவது ஒரு கோச்சிங் சென்டர்ல மார்க்கர் பிடிச்சு நின்னவங்களா இருக்கலாம். இல்ல, பெஞ்சுல உக்காந்து ‘கீழ்க்கண்டவற்றுள் தவறானது எது’ன்னு முழிச்சவங்களா இருக்கலாம். எப்படியிருந்தாலும் நாம ஒரே ஜாதி. என் பேரு ஷீபா, ஊரு போளூர், படிச்சது எம்.எஸ்சி. ஜியாகிரஃபி. நாலு வருஷமா தினம் காலையில பஸ் பிடிச்சு ஆரணிக்கு வந்து, ஒரு பவர்லூம் ஷெட்டுக்கு மேல் மாடியில இருக்கிற சென்டர்ல புவியியல் எடுக்கிறேன். கீழ தறி ஓடும், மேல முப்பது பேர் படிப்பாங்க. தறிச் சத்தத்தைத் தாண்டிக் கத்திக் கத்தி, வீட்ல உப்பு கேட்டாக்கூட தெருவுக்கே கேக்கற மாதிரிதான் என் வாயில வருது.

இன்னொரு விஷயம் இருக்கு. எங்க சென்டர்ல யாருக்கும் தெரியாது, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். வருஷா வருஷம் நானும் அதே பரீட்சையை எழுதுறேன். இதுவரைக்கும் வரல. தெரிஞ்சா ‘உனக்கே வரல, நீ என்ன எங்களுக்குச் சொல்லித் தர்ற’ன்னு கேட்டுடுவாங்களேன்னு பயம். கேட்டாலும் நியாயம்தானே.

பிண்ட மலை

சேர்ந்த முதல் மாசம். மலைங்க எத்தனை வகைன்னு எடுத்தேன். நிலம் ரெண்டு பக்கமும் நெருக்கி மடிஞ்சு எழும்பினா மடிப்பு மலை. நிலத்துல வெடிப்பு விட்டு, நடுவுல ஒரு துண்டு அப்படியே மேல எழும்பி நின்னா அது பிண்ட மலை. போர்டுல படம் போட்டு, ஒரு பிரெட் துண்டை நடுவுல தூக்கிக் காட்டி, எனக்கே என் மேல பெருமையா இருந்துச்சு. மறுநாள் ஒரு சின்ன டெஸ்ட் வெச்சேன். பிண்ட மலைக்கு ஒரு எடுத்துக்காட்டு எழுதணும்.

கோபின்னு ஒருத்தர், ஷேர் ஆட்டோ ஓட்டறவர், என்னைவிட ஆறேழு வயசு மூத்தவர். கொட்டை எழுத்துல ‘ராமேஸ்வரம்’னு எழுதியிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கடலோரத்துல மணல் திட்டு மாதிரி இருக்கிற ஊருக்கு மலை எங்கேருந்து வந்துச்சுன்னு அவரை எழுப்பி நிக்க வெச்சுக் கேட்டேன். அவர் துளிகூட அசரல. எனக்கு மேல அவர்தான் ஆச்சரியப்பட்டார்.

“எங்கப்பாவுக்கு அங்கதாங்க மிஸ் பிண்டம் வெச்சிட்டு வந்தோம். பக்கத்துலயே மலையும் இருக்குது, கந்தமாதன பர்வதம்னு. நீங்க சர்ச்சுக்குப் போறவங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்?”

கீழே தறி ஓடுது

எங்க வகுப்புல தரை எப்பவும் லேசா அதிர்ந்துகிட்டே இருக்கும். டேபிள் மேல வெச்ச மார்க்கர் தானா உருண்டு கீழ விழும். புதுசா சேர்றவங்க முதல் நாள் மிரளுவாங்க, ரெண்டாம் நாள் பழகிடும்.

சுகந்தியக்காவை இங்கதான் சொல்லணும். பட்டு நெய்யறவங்க. வீட்லயே கைத்தறி. ரெண்டு பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போனதும் வகுப்புக்கு வருவாங்க, முதல் பெஞ்சுல உக்காருவாங்க, அதிகம் பேச மாட்டாங்க. மூணு தடவை எழுதி, போன தடவை ஒரே ஒரு கேள்வியில, அதாவது ஒன்றரை மார்க்குல, விட்டவங்க. அவங்க வீட்டுக்காரர் கெடு வெச்சிட்டார். இந்தத் தடவைதான் கடைசி. வரலைன்னா புத்தகத்தை எல்லாம் எடைக்குப் போட்டுட்டு, அந்தப் புத்தகம் இருக்கிற ரூம்ல ரெண்டாவது தறி போடணும். அவர் கெட்டவர் இல்ல. ஒரு தறியை வெச்சுகினு நாலு பேர் எத்தனை நாள் உக்காந்திருக்கறதுன்னு கேக்கறார். 

அன்னிக்கு நிலநடுக்கம் எடுத்துகிட்டிருந்தேன். நல்ல வெயில், ஜன்னலைத் தொறந்து வெச்சும் வேர்த்துக் கொட்டிச்சு, நோட்டால விசிறிகிட்டேதான் வகுப்பு. ‘பூமிக்குள்ள அதிர்வு கிளம்புற இடம் நிலநடுக்க மையம். அதுக்கு நேர் மேல தரையில இருக்கிற இடம் மேல்மையம்’னு சொல்லிகிட்டிருந்தப்ப ஜன்னல் கம்பி கடகடன்னு ஆடுச்சு. மார்க்கர் உருண்டுச்சு. பின்னாடி ரெண்டு பேர் எழுந்துட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ‘நிலநடுக்கம்னு சொன்னதும் பயந்துட்டீங்களா, உக்காருங்க, கீழ தறி ஓடுது’ன்னேன். யாரும் உக்காரல. சுகந்தியக்கா மட்டும் பையையும் டிபன் பாக்ஸையும் நிதானமா எடுத்துகிட்டு எழுந்தாங்க.

“தறி ஓடல மிஸ். இன்னிக்கு ஷட்டவுன். காலையிலேருந்து கரண்ட்டே இல்ல.”

மாடிப்படியில நான்தான் முதல் ஆளா இறங்கினேன்னு கோபி இன்னைக்கும் சொல்லிகினு திரியறார். சுகந்தியக்கா கீழ வந்து, தெருவுல நின்னு, நோட்டைத் தொறந்தாங்க. “மேல்மையம் வரைக்கும் எழுதிட்டேன் மிஸ். அப்புறம்?”

என் பொண்ணு என்ன செய்யறா

எங்கப்பா எங்க ஊர் சர்ச்சுல உபதேசியார். ஜெபம் பண்றதும் ஞாயித்துக்கிழமை வகுப்பு எடுக்கறதும் அவர் வேலை. வீட்ல நான் திருத்திகிட்டிருந்த டெஸ்ட் பேப்பர் ஒண்ணு காத்துல பறந்து அவர் காலடியில விழுந்துச்சு. எடுத்து, கண்ணாடியை மாட்டிகிட்டு, முழுசாப் படிச்சார். ‘பூமியின் வயது என்ன’ங்கிற கேள்விக்கு ‘ஏறக்குறைய நானூத்தி அறுபது கோடி ஆண்டுகள்’னு யாரோ எழுதி, நான் சிவப்பு மையில டிக் போட்டிருந்தேன்.

 பைபிள்படி உலகம் ஆறு நாள்ல உண்டானதுன்னு எனக்குச் சின்ன வயசுல மனப்பாடம் பண்ண வெச்சவரே அவர்தான். பேப்பரை மடிச்சார், திரும்பப் பிரிச்சார், அந்த டிக்கையே பாத்தார். ‘இதான் கவர்மெண்ட் புத்தகத்துல இருக்குதா?’ன்னு கேட்டார். ஆமாம்னேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். அதுக்குள்ள நான் மனசுக்குள்ள மூட்டை முடிச்சைக் கட்டிட்டேன்.

“பரீட்சையில நானூத்தி அறுபது கோடின்னே எழுதச் சொல்லும்மா, மார்க்கு போயிடும். சர்ச்சுல கேட்டா என் பொண்ணு டைப்பிங் சொல்லித் தர்றான்னு நான் சொல்லிக்கறேன்.”

மண் அடுக்கு மூணு தெரியுது

பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கு. சுகந்தியக்கா தாமதமா வந்தாங்க. சேலையில செம்மண். முகம் செத்துப்போயிருந்துச்சு. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைன்னாங்க. வகுப்பு முடிஞ்சதும் ‘எங்க வீட்டுக்கு ஒரு எட்டு வர்றீங்களா மிஸ்’னாங்க.

போனேன். வாசல்ல மண்ணு குவிஞ்சு கிடந்துச்சு. உள்ள அவங்க படிக்கிற ரூம்ல, புத்தகத்தை எல்லாம் ஓரமா அடுக்கி வெச்சிட்டு, நடுவுல குழி வெட்டியிருந்தாங்க. இந்த ஊர்ல கைத்தறின்னா குழித்தறிதான். தரையில குழி எடுத்து, அதுக்குள்ள காலைத் தொங்கவிட்டு மிதிக்கட்டையை மிதிச்சு நெய்யணும். ரெண்டாவது தறிக்கான குழி அது. பரீட்சையே இன்னும் நடக்கல, குழி ரெடி.  அவங்க வீட்டுக்காரர் என்னைப் பாத்துத் தலையைச் சொறிஞ்சார். ‘குழி வெட்டறவனை அடுத்த மாசம்தான் வரச் சொன்னேங்க. அந்த ஆளுக்கு இன்னிக்குத்தான் கை காலியாம், வந்து வெட்டிட்டான். நான் என்ன பண்றது’ன்னார். நான் யாரைத் திட்டறதுன்னு தெரியாம குழியையே பாத்துகிட்டு நின்னேன்.

சுகந்தியக்கா குழிக்குள்ள இறங்கினாங்க. அழப்போறாங்கன்னு நினைச்சு நான் கையை நீட்டினேன். அவங்க என் கையைப் பிடிக்கல. ஸ்கேலை எடுத்துக் குழியோட சுவத்துல வெச்சுக் காட்டினாங்க.

“மேல சிமெண்ட்டு, அது மனுஷன் போட்டது, கணக்குல வராது. அதுக்குக் கீழ கருப்பா மேல்மண், அப்புறம் செவப்பா அடிமண், அப்புறம் சரளையா மொரம்பு. தாய்ப்பாறை மட்டும் தெரியல மிஸ், அதுக்கு இன்னும் ஆழமா வெட்டணும். நீங்க போர்டுல போட்டப்ப எனக்குப் புரியவே இல்ல, இப்பதான் புரியுது.”

அன்னிலேருந்து அவங்க அந்தக் குழி ஓரத்துல உக்காந்து, உள்ள காலைத் தொங்கவிட்டு, எதிர்ல ஒரு பலகை போட்டு அதுமேல புத்தகத்தை வெச்சுதான் படிச்சாங்க. நெய்யறவங்களுக்கு முதுகு வளையற இடம் அதானாம். நாற்காலியில உக்காந்தா தூக்கம் வருதாம்.

பாவும் ஊடையும்

இப்ப என் மண்டைக்கனத்தைப் பத்திச் சொல்லணும். அட்சரேகை எது, தீர்க்கரேகை எதுன்னு எல்லாருக்கும் குழப்பம். வருஷக்கணக்கா அந்த ஒரு கேள்வியில பேஜார் பட்டுகிட்டிருந்தேன். ஒருநாள் கீழ ஷெட்டை எட்டிப் பாத்தப்ப எனக்கு மின்னல் அடிச்சுது. தறியில நீளவாக்குல இழுத்துக் கட்டின நூல் பாவு. குறுக்கால நாடாங்கிற கட்டை ஓடி ஓடிப் போடற நூல் ஊடை. அவ்வளவுதானே விஷயம். மேல ஓடி வந்து போர்டுல போட்டேன்: மேலேருந்து கீழ வர்ற தீர்க்கரேகை பாவு, குறுக்க போற அட்சரேகை ஊடை. தறி வீட்டுப் பிள்ளைங்க கைதட்டிட்டாங்க. எங்க சென்டர் ஓனர் வந்து, ‘மிஸ் இதை யூடியூப்ல போடலாமே’ன்னார். நான் அன்னிக்கு பஸ்ல ஜன்னல் சீட்டு கிடைக்காமகூட சந்தோஷமா வீட்டுக்குப் போனேன்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கு. மாதிரித் தேர்வு. துருவங்கள்ல ஒண்ணு சேர்ற கோடுங்க எதுன்னு ஒரு கேள்வி. திருத்த உக்காந்தேன். தறி வீட்டுலேருந்து வர்ற பதினோரு பேரும், ஒருத்தர் பாக்கியில்லாம, அட்சரேகைன்னு போட்டிருக்காங்க. சுகந்தியக்காவும்தான். ஆட்டோ ஓட்டற கோபி சரியாப் போட்டிருக்கார். காப்பி அடிச்சாங்களோன்னு முதல்ல சந்தேகம், ஆனா அவங்க அவங்க வேற வேற பெஞ்சு. மறுநாள் வகுப்புல கத்திட்டேன். ‘இவ்ளோ சொல்லித் தந்தும் ஊடைதான் துருவத்துல சேரும்னு எப்படிம்மா தோணுச்சு?’ன்னு. பதினோரு பேரும் என்னைப் பாவமா பாத்தாங்க. சுகந்தியக்கா எழுந்தாங்க.

“பாவு சேருமா, மிஸ்? பாவு சேர்ந்தா அது சிக்கு. சிக்கு விழுந்தா அன்னிக்கு முழுக்க ஒக்காந்து அதைத்தான் எடுக்கணும். ஊடைதான் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்ப் போய்த் திரும்பும், எல்லாம் ஒரே நூலு. தீர்க்கரேகைதான் பாவுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

தறியை மாடிப்படியிலேருந்து எட்டிப் பாத்ததைத் தவிர எனக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்கிறது அப்பதான் எனக்கே தெரிஞ்சுது. நான் கெடுத்திருக்கேன். பதினோரு பேரோட ஒன்றரை மார்க்கை நானே உக்காந்து கெடுத்திருக்கேன். சுகந்தியக்கா போன தடவை விட்டதும் அதே ஒன்றரை மார்க்குலதான்.  மறுநாள் பஸ் ஸ்டாண்டுல ஒரு கிலோ கமலாப்பழம் வாங்கிட்டுப் போய் ஆளுக்கொண்ணு கொடுத்து உரிக்க வெச்சேன். சுளையெல்லாம் மேலயும் கீழயும் ஒரே இடத்துல சேருது பாருங்க, அந்தக் கோடுதான் தீர்க்கரேகை, தறியை மறந்துடுங்கன்னேன். அப்புறம் பரீட்சை வரைக்கும் தினம் வகுப்பு ஆரம்பிக்கறப்பவும் முடியறப்பவும் அதையே கேட்டேன். மறக்கச் சொன்னா மறந்துடுமா? பழம் தந்த அன்னிக்கே சுகந்தியக்கா சுளையை வாயில போட்டுகிட்டே ஒரு வழி சொன்னாங்க.

“தறியில ஏத்தின பாவைப் பாத்தாதான் மிஸ் தப்பு. ஏத்தறதுக்கு முன்னாடி, கட்டா கொண்டாந்து குடுப்பாங்களே அந்தப் பாவு, அதுக்கு ரெண்டு முனையும் முடிச்சுதான். நான் அப்படி ஞாபகம் வெச்சிக்கறேன், நீங்க கவலப்படாதீங்க.”

முன் பெஞ்சு

பரீட்சை அன்னிக்கு ஆரணியிலயே ஒரு ஸ்கூல்ல எனக்கு சென்டர் போட்டிருந்துச்சு. துப்பட்டாவால மூஞ்சை மூடிகிட்டு, தலையைக் குனிஞ்சு, நம்பரைத் தேடி என் இடத்துல போய் உக்காந்தேன். நிமிந்து பாத்தா முன் பெஞ்சுல தெரிஞ்ச கொண்டை, தெரிஞ்ச பச்சை ஜாக்கெட்.  இத்தனை ஆயிரம் பேர் எழுதற பரீட்சையில எனக்கு முன்னாடி சுகந்தியக்காவைப் போட்டிருக்கு.

பென்சில் பாக்ஸைக் கீழ போட்டுட்டு அதை எடுக்கற சாக்குல பெஞ்சுக்கு அடியிலயே இருந்துடலாமான்னு பாத்தேன். அதுக்குள்ள அவங்க திரும்பிட்டாங்க. ‘மிஸ், இந்த ரூமுக்கு நீங்கதான் சூப்பர்வைசரா?’ன்னு சந்தோஷமா கேட்டாங்க. என் கையில இருந்த ஹால் டிக்கெட்டைப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. மறுபடியும் ஹால் டிக்கெட்டைப் பாத்தாங்க. நாலு வருஷமா நான் பயந்த கேள்வி அவங்க வாயிலேருந்து வரப்போகுதுன்னு கண்ணை மூடிகிட்டேன்.

“நீங்களும் எங்கள மாதிரிதானா மிஸ்? முன்னாடியே சொல்லியிருந்தா உங்களுக்கும் ரெண்டு இட்லி கட்டிகினு வந்திருப்பேனே.”

ஒன்றரை மார்க்

கேள்வித்தாள்ல அந்தக் கேள்வி வந்துச்சு. வார்த்தை வேற, விஷயம் அதே. துருவங்கள்ல ஒன்றிணையும் கோடுகள். எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. முன்னாடி கொண்டை லேசா ஆடுச்சு, அவங்களும் அங்கதான் வந்திருக்காங்கன்னு தெரிஞ்சுது. முடிச்சை ஞாபகம் வெச்சுக்கங்க அக்கா, ஊடைன்னு போட்டுடாதீங்க, ஊடை இல்லவே இல்லன்னு மனசுக்குள்ள கத்திகிட்டே நானும் என் வட்டத்தைக் கருப்படிச்சேன்.

விடைக்குறிப்பு வந்த அன்னிக்கு வீட்ல உக்காந்து என் கேள்வித்தாள்ல நான் போட்டு வெச்ச டிக்கோட ஒத்துப் பாத்தேன். அந்தக் கேள்விக்கு வந்தப்ப தாளைக் கண்ணுக்குப் பக்கத்துல கொண்டுபோய்ப் பாத்தேன். அட்சரேகைன்னு போட்டிருக்கேன். எம்.எஸ்சி. ஜியாகிரஃபி படிச்ச நான், போர்டுல நூறு தடவை எழுதின நான். ‘ஊடை, ஊடை’ன்னு அவங்களுக்காகக் கத்தினதுல என் கை போய் ஊடை மேலயே உக்காந்துடுச்சு. அப்பா பக்கத்துல வந்து பாத்தார். அவருக்கும் விடை தெரியும், நான் சின்ன வயசுல அவருக்குச் சொல்லித் தந்ததுதான். காபி கொண்டாந்து வெச்சுட்டுப் போனார்.

ரிசல்ட்டுல சுகந்தியக்கா பேர் இருந்துச்சு. என் பேர் இல்ல. கடைசியாத் தேர்வானவங்களுக்கும் எனக்கும் நடுவுல ஒன்றரை மார்க்கு. அவங்களுக்கு இளநிலை உதவியாளர் வேலை, போஸ்டிங் போட்டது போளூர்லயே. இனிமே காலையில அவங்க பஸ் போளூருக்கு வரும், என் பஸ் ஆரணிக்குப் போகும், நடுவுல எங்கயோ ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தாண்டும்.

ஆர்டர் வந்த அன்னிக்கு ஜாங்கிரி டப்பாவோட வகுப்புக்கு வந்தாங்க. அவங்க வீட்டுக்காரரும் வந்து, வாசல்லயே நின்னு கும்பிட்டார். எனக்குச் சந்தோஷம்தான், நெஜமாவே சந்தோஷம்தான், ஆனா அழுகையும் வந்துச்சு, மறைக்கல. ஏதாவது பேசணுமேன்னு ‘அந்தக் குழியை மூடிட்டீங்களாக்கா?’ன்னு கேட்டேன். கீழ தறி ஓடிகிட்டிருந்துச்சு. அந்தச் சத்தத்துலயும் அவங்க மெதுவாத்தான் பேசினாங்க, ஆனா வகுப்பு முழுக்கக் கேட்டுச்சு.

“மூடல மிஸ், உங்களுக்காகத்தான் வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சதும் வாங்க. கால் தொங்கப் போட்டுகினு படிச்சா அடுத்த தடவை வந்துடும். வரலைன்னாலும் பரவாயில்ல, பாவு எது, ஊடை எதுன்னு முதல்லேருந்து நான் சொல்லித் தர்றேன்.”

பூமி தன்னைத்தானே சுத்தும்னு நாலு வருஷமா ஊருக்கே சொல்லித் தந்தவளுக்கு, அது சுத்தி சுத்தி ஒரு தறிக்குழி ஓரத்துல கொண்டாந்து உக்கார வைக்கும்னு மட்டும் எந்தப் புத்தகத்துலயும் போடல.